களிமண் வைத்த இடம்

எல்லைச் சுவர் கட்டி முடிந்துவிட்டது. மறுநாள் தலைவர் திறந்துவைக்க வருகிறார். "இனிமே ஒரு ஈ உள்ள வராது" என்று மேடையில் யாரோ ஒருவன் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தான். சுவரைக் கட்டியவர்களில் பாதிப் பேர் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள். மேஸ்திரிக்கும் அது தெரியும். கொத்தனார் சவரியானும் அப்படி வந்தவர்தான். மனைவி லூர்தம்மாள் மகளோடு இன்னும் அந்தப் பக்கம் இருந்தாள். அவர்களுக்காக அடிவரிசையில் நான்கு பெரிய கற்களை மட்டும் களிமண்ணில் பதித்து, மேலே சிமெண்ட் பூச்சு இழுத்திருந்தார். அந்தப் பக்கம் அடையாளத்துக்கு ஒரு நீலத் துணி. பொழுது சாய்ந்ததும் வந்து கற்களைப் பெயர்க்கச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று.

பொழுது சாயும் நேரம், சுவருக்குத் தண்ணீர் விடும் பரஞ்சோதி சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, எனக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கீங்க. காலைல தண்ணி விட்டா உங்க இடத்துல மண்ணா கரைஞ்சு ஓடுது. எவனோ கலவைய மாத்திக் குடுத்திருக்கான். மேஸ்திரி பாத்திருந்தா உங்களப் பிடிச்சுக் குடுத்திருப்பான்."

"நீ என்னடா செஞ்ச?"

"பிரிச்சு நல்ல சிமெண்ட்ல வச்சுட்டேன். நம்ம ஆளுக்கு நாமதானே பாக்கணும்?"

சவரியான் குனிந்து கல்லை அழுத்திப் பார்த்தார். இறுகியிருந்தது. மைக் ஓய்ந்த இடைவெளியில் அந்தப் பக்கம் சுரண்டும் சத்தம் கேட்டது.

"எலியாண்ணே?" பரஞ்சோதி சுவரில் காதை வைத்தான்.

சத்தம் நின்றது. பிறகு இரண்டு இடங்களில் கேட்டது. ஒன்று இடுப்பு உயரத்தில், இன்னொன்று தரையோடு.