ஹினா படுத்த கோட்டு

வேட்டையில் காட்டுப்பன்றியின் பின்னால் ஓடிய ராவிரியின் நாய் ஹினா, பொழுது சாய்ந்தும் ஊரெவெரா மலையிலிருந்து திரும்பவில்லை. காட்டில் தொலைந்த நாய், தன்னை வேட்டைக்கு அழைத்துப்போகிறவனின் கோட்டைத் தேடி வந்து படுத்துக்கொள்ளும். ராவிரி தன் கோட்டைக் கழற்றி விரித்தான்.

"உன்னோடதையும் கழட்டு பெத்தேரா. நான் கால் ஒடிஞ்சு கிடந்தப்ப இதுக்குத் தீனி போட்டவன் நீதானே."

"தீனி போட்டதோட சரி மச்சான். ஒரு நாள்கூட மலைக்குக் கூட்டிட்டு வந்ததில்ல," என்று தயங்கியவன், கடைசியில் கழற்றினான். கழுத்தில் பன்றிப்பல் ஆடியது. ராவிரி வருஷக்கணக்கில் தேடிய ஒற்றைக்காதுப் பன்றியின் பல். அவன் படுக்கையில் கிடந்தபோது, பெத்தேரா தன் கிழட்டு நாயை வைத்தே அதை மடக்கிவிட்டானாம்.

கோட்டுகளை அங்கேயே விட்டுப் போன இருவரும் விடிந்ததும் திரும்பி வந்தார்கள். ராவிரியின் கோட்டில் பனி மட்டும் படிந்திருந்தது. ஹினா பெத்தேராவின் கோட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பெத்தேரா அவசரமாகக் குனிந்தான்.

"கோட்டு கிடக்கட்டும்," என்றான் ராவிரி. "கழுத்துல இருக்கறதக் கழட்டு."