உள்ளே ஊதுவது

கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்ததிலிருந்து நாகசுரக்காரர் பக்கிரிசாமிக்கு வாயில் எச்சில் ஊறவில்லை. வாத்தியத்தின் முனையில் செருகும் சீவாளியைத் தண்ணீரில் நனைத்து வைத்தாலும், நாலு வரி வாசிப்பதற்குள் அது காய்ந்து உதட்டைப் பிடித்துக்கொண்டது.

"நரம்பு சொன்னாத்தான் எச்சில் ஊறும்," என்றார் டாக்டர். "நரம்பு முனையிலேருந்து நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு துளியூண்டு கிளம்பும். அது பட்டதும் எச்சில் சுரப்பிக்குப் போற ரத்தக்குழாய் விரிஞ்சு வழி விடும்; அந்த ரத்தத்திலேருந்துதான் எச்சிலுக்கு நீர் கிடைக்கும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அந்த வாயு காணாமப் போயிடும். உங்களுக்கு மறுபடி எச்சில் ஊறுமான்னு என்னால சொல்ல முடியலை."

வீட்டுக்கு வந்தும் பக்கிரிசாமிக்கு அதே நினைப்பு. இத்தனை வருஷமும் தன் மூச்சைத்தான் பெரிதாக எண்ணியிருந்தார். நாக்குக்கு அடியில் இன்னொன்று, யார் கைதட்டலும் இல்லாமல், கூடவே ஊதிக்கொண்டு இருந்திருக்கிறது.

அவர் வாசிக்க உட்கார்ந்தால் எதிரில் யாரும் புளிப்பு தின்னக்கூடாது. பார்த்தாலே எச்சில் பெருகி வாசிப்பு கெட்டுவிடும். அவர் மனைவி தையல்நாயகி கல்யாணமான நாளிலிருந்து அதை மீறியதில்லை. இன்று அவர் வாத்தியத்தோடு உட்கார்ந்ததும் நேர் எதிரே வந்து உட்கார்ந்து, மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டு நறுக்கென்று கடித்தாள்.

புளிப்போடு வருபவர்களை விரட்டும் பழக்கத்தில் அவர் கையை ஓங்கினார்.

"திட்டறதுன்னா திட்டுங்க," என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு மென்றாள்.

அவருக்குக் காதுக்குக் கீழே சுருக்கென்றது. நாக்கின் அடியில் எள்ளளவு ஈரம்.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. சீவாளியை உதட்டில் வைத்தார். ஊதவில்லை. உள்ளே ஊதுவது முதலில் ஊதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.