சடையப்பன் வேலை யாருக்கு?

சுரங்கத்தில் பணியிலிருந்தபோதே சடையப்பன் காலமாகிவிட்டதால், அவர் பிள்ளைகளில் ஒருவருக்குப் பர்மனென்ட் வேலை கிடைக்கும். மகன்களோ இருவர். அவரையே கேட்டுவிடலாமென்று, ஆவிகளோடு பேசும் மந்தாரக்குப்பத்து இளம்பெண் சங்கீதாவைக் குவார்ட்டர்ஸுக்கு வரவழைத்தாள் மனைவி கலியம்மாள்.

யூனியன் மேடைகளில் பகுத்தறிவு முழங்கும் மூத்தவன் விஜயராஜ் முதலில் ஏளனமாகச் சிரித்தான். அப்பாவின் முதுகு மச்சத்தையும் குறட்டையையும் அவள் புட்டுப்புட்டு வைத்ததும் கைகட்டி நின்றான்.

"நான்தானப்பா மூத்தவன். ஃபார்ம்ல எம்பேரத்தான எழுதணும்?"

"நீயில்லடா," என்றாள் சங்கீதா, கண்மூடியபடி, கரகரத்த குரலில்.

தம்பி மணிமாறன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அவனுமில்ல. எம்பொண்ணுக்கு."

"உங்களுக்கு ஏதுங்க பொண்ணு?" கலியம்மாள் பதறினாள்.

சங்கீதா கண்ணைத் திறந்தாள். கைப்பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

"அப்பா பேரப் படிச்சுப் பாருங்க, பெரியம்மா."