எண்ணிப் பார்த்தல்

மூவாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்க் கடனை ஞாயிறுதோறும் லோடுமேன் தங்கப்பழத்தின் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார் மேஸ்திரி வேதமாணிக்கம். மூன்று ஞாயிறாக அவர் கேட்கவில்லை. தலைவலி என்று நெற்றியைப் பிடித்தபடி டீ குடித்துவிட்டுப் போனார்.

“எழுபது வயசுல மறதி வராதா?” என்றார்கள் அவர் வீட்டில். தங்கப்பழம் அதை நம்பவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

“கடனை மறக்குற ஆளு இல்ல டாக்டர் இவரு” என்று அடித்துச் சொன்ன பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். மூளையின் ரத்தக்குழாய்களில் அழற்சியாம்.

“ஸ்டீராய்டு ஏத்துறோம். கேக்குதான்னு பொறுத்துதான் பாக்கணும்” என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் பணத்தை அவர் கையில் வைத்தான். வேண்டுமென்றே இருபது ரூபாயைச் சட்டைப்பையில் நிறுத்திக்கொண்டான். அவர் நோட்டுகளை வெறித்தார். எச்சில் தொட்டு எண்ணினார். பாதியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“ஏலே, இருபது ரூவா எங்க? படுத்துக் கெடந்தா ஏமாத்திரலாமா?”

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கிக்கோங்க அண்ணாச்சி.”

“அதுவரைக்கும்லாம் பொறுக்க முடியாது. எடு.”

தங்கப்பழம் அந்த இருபதையும் எடுத்து வைத்தான்.