விருந்தினர் நாற்காலி

முன்வரிசையில் 'வெளிநாட்டு விருந்தினர்' என்று தாள் ஒட்டிய நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது. இந்த நாட்டு விடுதலைப் போருக்காகக் கடல் தாண்டி வந்து துப்பாக்கி தூக்கி, அப்படியே தங்கிவிட்ட ரொட்டிக்கடைக்காரர், மூன்றாம் வரிசையில் மனைவியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். சன்னல் வெயிலில் வழுக்கை மின்னுகிறது, காலரில் மாவு. பதக்கம் வாங்க வந்த கோலம் இது. "ஐயா, உங்க இடம் முன்னால," என்று குனிகிறார் அதிகாரி. நாற்பது வருஷம் கழித்தும் விருந்தாளிதானா என்று ரொட்டிக்கடைக்காரர் இருந்த இடத்திலேயே அழுந்தி உட்கார்கிறார். மனைவிதான் பதில் சொல்கிறார். "இவரு விருந்தாளின்னா, சார், தினமும் குழாயடியில எல்லார்கூடயும் சண்டை போடுறது யாரு?" வரிசையே குலுங்கிச் சிரிக்கிறது. அதிகாரி மேடைக்குப் போய் ஏதோ கிசுகிசுக்க, பதக்கத் தட்டு படியிறங்கி மூன்றாம் வரிசைக்கே வருகிறது. குழாயடி எதிரிகள் முழங்காலை ஒதுக்கி வழி விடுகிறார்கள்.