கண்துளை இல்லாத கவசம்

ரோமாபுரியின் அரங்கில் அன்று நண்பகல் வேடிக்கைக்காக, கண்துளையே இல்லாத தலைக்கவசம் மாட்டிய இருவரை வாளோடு இறக்கிவிட்டார்கள். ஒருவன் தம்னோ. மற்றவன் வெர்த்தோ, காலையில் அவனோடு ஒரே சட்டியில் பார்லிக் கஞ்சி குடித்தவன். ஒருவன் சாகாமல் மற்றவனுக்கு விடுதலை இல்லை.

தம்னோ இருட்டில் வாளை வீசிக்கொண்டே நடந்தான். அகப்பட்டது காற்றுதான். "முன்னாடி போடா மடையா!" என்று கூட்டம் கத்தியது. யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் அவன் பின்னால் நகர்ந்தான். முதுகு எதிலோ முட்டியது. அரங்கச் சுவர்! அப்பாடா என்று சாய்ந்துகொண்டான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு வியர்த்தும் இருந்தது.

"யாரது?" என்றான் மெல்ல.

"சுவர்," என்றது வெர்த்தோவின் குரல். "நீ யாரு?"

தம்னோ சற்று யோசித்தான். "நானும் சுவர்தான்."

"நல்லதாப் போச்சு. அசையாதே."

கூட்டம் வெறிபிடித்துக் கூச்சலிட்டது. சண்டை போடாதவர்களுக்குச் சூடு வைக்கும் சேவகன், பழுக்கக் காய்ச்சிய இரும்போடு மணலில் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"ஓடிடலாமா?" என்றான் தம்னோ.

"ஓடலாம். ரெண்டு பேரும் இடது பக்கம்."

முதுகோடு முதுகு ஒட்டி நின்றவர்களுக்கு இடப்பக்கம் இரண்டு. தம்னோ தன் இடப்பக்கமாகத் தலைதெறிக்க ஓடினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "வேகமா வா, வேகமா வா," என்று பக்கத்தில் வருவதாக அவன் நினைத்த வெர்த்தோவிடம் சொல்லிக்கொண்டே ஓடினான்.