ஒரு சொட்டு எண்ணெய்

அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகளை எடைபோடும் தராசில் துருவேறி, முள் அடிக்கடி ஐந்து கிலோவில் சிக்கிக்கொண்டது. ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூட நிதி இல்லை என்றார்கள்.

எதிர் அறைக்குப் புது ஸ்கேன் மெஷின் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கியதும், தராசுக்கு வயிறு எரிந்தது.

"மகாராணிக்கு ஏசி வேறயா?"

"நீ வேற அக்கா. என்னை இயக்க ஆளே போடலை. சுத்தின உறையைக்கூடப் பிரிக்கலை."

தராசுக்கு எரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

மறுநாள் ஒருவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். தராசு பூரித்துப்போனது. அவரோ அதைத் தாண்டிப்போய், ஸ்கேன் அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்களாம்.

அப்போது தட்டில் ஒரு குழந்தையைக் கிடத்தினார்கள். தராசுக்குக் கனமே தெரியவில்லை. முள் சிக்கிய இடத்தில், ஐந்திலேயே நின்றது.

"பையன் தேறிட்டான்மா" என்றார் நர்ஸ்.